ஆறாம் மாதம் முதலாம் திகதி

ஆசிரியர் அவர்களுக்கு,

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வருடத்துக்கென ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்காத கிறிஸ்தவ வீடு மட்டக்களப்பில் குறைவு. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, வசனத்தை வாசித்து, வேதப் புத்தகத்துக்குள் வைக்கிறோம். சிலர் அலுமாரிக் கதவில் ஒட்டுகிறார்கள். ஜூலை பிறக்கும்போது அந்த அட்டை என்ன ஆயிற்று என்று கேட்பதற்குச் சபையிலும் ஆளில்லை, வீட்டிலும் ஆளில்லை. இதனால் வரும் கேடு சின்னதல்ல. வெளிநாடு போவதா, காணியை ஈடு வைப்பதா, பிள்ளையை எந்தத் துறையில் விடுவது, உத்தியோகத்தை விட்டு ஊழியத்துக்குப் போவதா என்ற பெரிய முடிவுகளையெல்லாம் ஒரு சண்டைக்குப் பிறகோ ஒரு கூட்டத்தின் உணர்ச்சியிலோ ஒரே இரவில் எடுத்துவிடுகிறோம்.

வருட நடுவில் நின்று, போகிற வழியைச் சரிபார்ப்பது புதிய யோசனை அல்ல. வேதத்தில் அது திகதியோடு இருக்கிறது. ஆகாய் தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், இரண்டே அதிகாரம். தரியு ராஜாவின் இரண்டாம் வருஷம், அதாவது கி.மு. 520, ஆறாம் மாதம் முதலாம் திகதி முதல் செய்தி வருகிறது: "உங்கள் வழிகளைச் சிந்தித்துப்பாருங்கள்." அதே மாதம் 24ஆம் திகதி மக்கள் பாழாய்க் கிடந்த ஆலயத்தைக் கட்டும் வேலையைத் தொடங்குகிறார்கள். ஏழாம் மாதம் 21ஆம் திகதி ஆகாய் மறுபடி பேசுகிறார். தொடங்கி ஒரு மாதம் முடியுமுன்னே மக்கள் சோர்ந்துபோனார்கள் என்பது அந்தச் செய்தியிலேயே தெரிகிறது. ஒன்பதாம் மாதம் 24ஆம் திகதி இன்னொரு செய்தி. களஞ்சியத்தில் இன்னும் விதைத் தானியம் இருக்கிறதா என்று அன்றைக்குக் கேட்கிறார். நாலு மாதத்துக்குள் நாலு திகதிகள். நம்முடைய சுய ஆராய்ச்சி நிலைக்காமல் போவதற்குக் காரணம் அதை ஒரே நாள் காரியமாக்கிவிட்டதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

யூதர்களின் ஆறாம் மாதம் எலூல். நமக்கு அது ஆகஸ்ட், செப்டெம்பரில் விழும். இன்றும் அவர்கள் அந்த மாதத்தை மனந்திரும்புதலுக்கென்று ஒதுக்குகிறார்கள். நாம் நமது அரைவருடம் முடிந்த ஜூலை முதலாம் திகதி தொடங்கினால் அடுத்த திகதிகள் ஜூலை 24, ஆகஸ்ட் 21, ஒக்டோபர் 24 என்று வரும். நமது மண்ணுக்கு இது பொருந்துகிற விதத்தைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் சிறுபோக அறுவடை. வீட்டுக்குக் காசு வருகிற, கடன்காரரும் வருகிற காலம். ஒக்டோபரில் பெரும்போக விதைப்பு. "விதைநெல் இருக்கிறதா" என்ற கேள்வியை வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சபை வரலாற்றிலும் இது உண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி மட்டக்களப்புக்குக் கொண்டுவந்த மெதடிஸ்த மரபில் வகுப்புக் கூட்டம் முதுகெலும்பு போன்றது. அது 1742இல் பிரிஸ்டல் நகரில் ஒரு கட்டடக் கடனை அடைக்கப் பிறந்தது: பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், கிழமைக்கு ஆளுக்கு ஒரு பென்னி. காசு சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள், அந்த வீடுகளில் மனிதர் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் கண்டார்கள். அதிலிருந்து வாரந்தோறும் ஆத்தும நலம் விசாரிக்கும் வழக்கம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தவர்களை விசாரித்து அவர்களின் அங்கத்துவ டிக்கெட்டைப் புதுப்பித்தார்கள். இன்று புதுவருடத்தோடு சேர்த்து நாம் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையை, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி முதன்முதல் நடத்தியதும் ஜனவரியில் அல்ல, 1755 ஆகஸ்ட் 11ஆம் திகதி. கத்தோலிக்க மக்களுக்கோ ஜூலை 31 இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் திருநாள். தன்னைத் தானே சோதித்தறியும் முறையை அவரைப்போல நுணுக்கமாக வகுத்தவர்கள் அரிது. புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்த இயேசு சபைக் குருக்களால் அவருடைய பெயர் இந்த ஊருக்கு நன்றாகப் பழக்கம். அவருடைய முறை அவ்வளவு பழக்கமில்லை.

இனி, செய்யும் விதம்.

முதல் நாளில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. பார்ப்பது மட்டும்தான் வேலை. இரண்டு மணித்தியாலம் போதும், காலையில். முழு இரவுச் செபம் முடிந்த விடியலில் வேண்டாம். உபவாச நாளிலும் வேண்டாம். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று சாவைக் கேட்டபோது கர்த்தர் அவனுக்கு உபதேசம் பண்ணவில்லை. தூங்கவிட்டார், அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி வந்தது. தூக்கமில்லாத உடம்பு எல்லா வழியையும் இருட்டாகத்தான் காட்டும். ஆகவே அதற்கு முந்திய இரண்டு இரவும் நேரத்தோடு படுக்க வேண்டும். இதை ஆவிக்குரிய ஆயத்தம் என்றே சொல்வேன்.

மேசையில் இருக்க வேண்டியவை: ஒரு கொப்பி, வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டுகள், கடன் கட்டும் அட்டை, ஜனவரியில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, நாட்காட்டி, கைத்தொலைபேசி. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவருக்குத் தெரியாத அடகும் கடனும் மறைந்தே இருக்கும். பிறகு போடுகிற கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். முதலில் நன்றி சொல்லித் தொடங்குங்கள். இஞ்ஞாசியார் வைத்த ஒழுங்கில் நன்றிதான் முதற்படி. அதன்பின் வெளிச்சம் கேட்பது, பின்னோக்கிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, வரும் நாளைப் பார்ப்பது. குற்றங்களில் தொடங்கினவர்கள் அநேகமாகப் பாதியிலேயே கொப்பியை மூடிவிடுவார்கள்.

ஜனவரி முதல் ஜூன் முடிய 181 நாள், ஏறக்குறைய 26 கிழமை. இந்த 26 கிழமையில் காசு, நேரம், மனிதர் ஆகிய மூன்றும் எங்கே போயின என்று எழுதுங்கள். ஆகாய் 1:6 சொல்லும் "பொத்தலான பை"யை இங்கேதான் தேட வேண்டும். பெரிய செலவு ஓட்டை ஆகாது. பெரியது கண்ணுக்குத் தெரியும். திரும்பத் திரும்பப் போவதுதான் ஓட்டை. நாளுக்கு 300 ரூபா வெற்றிலைக்கோ சிகரெட்டுக்கோ போனால் 181 நாளில் 54,300 ரூபா. கிழமைக்கு 2,500 ரூபா கட்டும் கடன் 26 கிழமையில் 65,000 ரூபா. ஒரு இலட்சம் ரூபாவுக்கு மாதம் இரண்டு வீத வட்டியென்றால் ஆறு மாதத்தில் 12,000 ரூபா போயிருக்கும், முதல் அப்படியே இருக்கும். நேரத்துக்கும் இதே கணக்குத்தான். நாளுக்கு மூன்று மணித்தியாலம் கைத்தொலைபேசியில் போனால் 26 கிழமையில் 546 மணித்தியாலம். இது பயமுறுத்துவதற்காக அல்ல. "நேரமில்லை" என்று நாம் சொல்லி நிறுத்திய காரியங்களை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

குழுக்கடனுக்குக் கையெழுத்து வைத்த பெண்கள் தனியே ஒரு வரி எழுத வேண்டும்: யாருக்காக, எவ்வளவுக்கு, எப்போது முடியும். நீதிமொழிகள் 6இல் பிணை நின்றவனுக்குச் சொல்லியிருப்பது மிகவும் நேரானது. போ, உன்னைத் தாழ்த்தி அந்த மனிதனிடம் பேசு, உன் கண்ணுக்கு நித்திரை கொடாதே என்கிறது. வெட்கப்பட்டு மறைக்கும் பிணை வளர்ந்துகொண்டுதான் போகும்.

எழுத வராத பெரியவர்களுக்கு 26 தீக்குச்சிகள் போதும். கிழமைக்கு ஒரு குச்சி. ஆண்டவரோடு சமாதானமாக இருந்த கிழமைகளை ஒரு பக்கமும் வறண்டு கிடந்த கிழமைகளை மறுபக்கமும் வைத்து, ஏன் என்று சொல்லச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை யாராவது பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளட்டும்.

வாக்குத்தத்த அட்டையையும் அன்றைக்கே திறந்து வாசிக்க வேண்டும், ஆனால் அதிகாரத்தோடு. அட்டைகளில் மிக அதிகமாக வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது. அதற்கு முந்திய வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்னரே என்கிறது. ஐந்தாம் வசனம், நீங்கள் போக விரும்பாமல் போயிருக்கிற அந்த ஊரிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள் என்கிறது. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருக்கும் இளைஞனுக்கு அந்த ஒற்றை வசனத்தை மட்டும் கொடுத்தால் அவன் அதை விசாவுக்கான வாக்காக எடுத்துக்கொள்வான். முழு அதிகாரத்தையும் கொடுத்தால், காத்திருக்கும் இந்த ஆறு மாதத்தில் இங்கே எதை நாட்டினாய் என்ற கேள்வியும் அவனுக்குக் கிடைக்கும்.

முதல் நாளுக்கும் 24ஆம் திகதிக்கும் இடையில் உள்ள 23 நாட்கள்தான் நமது வழக்கத்தில் இல்லாதவை. ஆகாயின் காலத்தில் மலைக்குப் போய் மரம் இறக்கவும் ஆட்களைச் சேர்க்கவும் அந்த நாட்கள் தேவைப்பட்டிருக்கும். நமக்கு அவை செபிக்கவும் ஆலோசனை கேட்கவும் தேவை. ஆலோசனைக்கு இரண்டு பேர் போதும்: ஒருவர் உங்களுக்கு முன்னால் அந்த வழியில் போனவர், மற்றவர் உங்கள் முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லத் துணிந்தவர். அந்த முடிவால் இலாபம் பெறுகிறவரிடம் கேட்கக்கூடாது. வெளிநாட்டு ஏஜென்சிக்காரரும் கடன் கொடுப்பவரும் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஆலோசகர் அல்ல. பவுலைப் பாருங்கள். அப்போஸ்தலர் 16இல் ஆசியாவுக்குப் போகத் தடை, பித்தினியாவுக்குப் போகவும் தடை. துரோவாவில்தான் தரிசனம் வருகிறது. அதன்பின் பத்தாம் வசனம் "நான்" என்று சொல்லவில்லை. "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்கிறது. தரிசனம் ஒருவருக்கு, நிச்சயம் பலருக்கு.

இந்த நாட்களில் மனம் சோர்ந்து இருளாய் இருந்தால், ஏற்கனவே எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்பது இஞ்ஞாசியாரின் விதி. பரீட்சை முடிவு வந்த கிழமையில் படிப்பை விடுவது, சண்டை போட்ட இரவில் சபையை மாற்றுவது, அறுவடை பொய்த்த நாளில் காணியை விற்கப் பேசுவது எல்லாம் இந்த விதியை மீறுவதால் நேர்கின்றன. இருளான நேரத்தில் மாற்ற வேண்டியது செபத்தின் அளவையும் தூக்கத்தையும் நம்மை நாம் நடத்துகிற விதத்தையும்தான், வழியை அல்ல.

24ஆம் திகதி முடிவெடுக்கும் நாள். கேள்வி ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தாய் இரண்டு வருட ஒப்பந்தத்தில் மத்திய கிழக்குக்குப் போவதா என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நாலாகப் பிரித்து, போனால் வரும் நன்மை, போனால் வரும் கேடு, போகாவிட்டால் வரும் நன்மை, போகாவிட்டால் வரும் கேடு என்று எழுத வேண்டும். அநேகர் முதற்கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் மட்டும் நிரப்புவார்கள்: சம்பளம் வரும், போகாவிட்டால் கடன் ஏறும். இரண்டாம் கட்டத்தில் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது யார், காய்ச்சல் வந்தால் யார், வருகிற காசை யார் கையில் பிடிப்பது என்று பெயரோடு எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத இடத்தில்தான் குடும்பங்கள் உடைகின்றன. பிறகு காரணங்களின் எண்ணிக்கையைப் பார்க்காமல், எடையைப் பார்க்க வேண்டும். பத்துச் சின்னக் காரணங்களை ஒரு பெரிய காரணம் வெல்லலாம். கடைசியில் இஞ்ஞாசியார் சொல்லும் ஒரு சோதனை: முன்பின் தெரியாத ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்? அதையே உங்களுக்கும் சொல்லுங்கள்.

ஊழிய அழைப்புப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அழைப்பு உண்டு, அதை மதிக்கிறேன். ஆனால் ஞாயிறு பாடசாலையில் ஆறு மாதம் ஒரு வகுப்பை ஒழுங்காக எடுக்காதவரை வேலையை விடும்படி எந்தப் போதகரும் ஊக்கப்படுத்தக்கூடாது. வேலையை விட்டு வந்து ஒரு வருடத்தில் கடனோடும் கசப்போடும் திரும்புகிறவர் சபைக்கே திரும்ப வராமல் போகிறார்.

வெட்டவும் மனமில்லை, விடவும் மனமில்லை என்று இருக்கும் காரியங்களுக்கு லூக்கா 13இல் அத்திமரம் இருக்கிறது. மூன்று வருடம் கனியில்லை. தோட்டக்காரன் "இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கெஞ்சியதை மட்டுமே நாம் பிரசங்கத்தில் கேட்கிறோம். அவன் சும்மா தவணை கேட்கவில்லை. சுற்றிலும் கொத்துவேன், எருப் போடுவேன், கனி இல்லாவிட்டால் வெட்டலாம் என்றான். வேலை இரண்டு, கெடு ஒன்று. நட்டத்தில் ஓடும் கடை, வாசிக்காமல் கிடக்கும் பாடம், பேச்சு நின்ற உறவு, எதை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தாலும் கொத்துவது என்ன, எரு என்ன, எந்த நாள் வரை என்று மூன்றையும் எழுத வேண்டும். கெடு இல்லாத பொறுமையில் மரமும் பட்டுப்போகும், நிலமும் வீணாகும்.

24ஆம் திகதி எடுக்கும் மாற்றம் ஒன்றாக இருக்கட்டும், மிஞ்சினால் இரண்டு. ஐந்து எழுதினால் ஆகஸ்டுக்குள் ஐந்தும் போய்விடும். ஒரு பழக்கத்தை விடுவது என்றால், இஞ்ஞாசியார் செய்ததுபோல நாளுக்கு இரண்டு கோடு இழுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடும், இந்தக் கிழமையைப் போன கிழமையோடும் ஒப்பிட வேண்டும். பக்கத்து வீட்டோடு அல்ல.

ஆகஸ்ட் 21க்குள் சோர்வு வரும். வரும் என்று தெரிந்திருந்தால் அது தோல்வியாகத் தெரியாது. ஆகாயின் மக்களுக்குச் சோர்வு வந்தது ஒப்பிட்டுப் பார்த்ததால். சாலொமோனின் ஆலயத்தைக் கண்டிருந்த கிழவர்களின் கண்ணுக்குப் புதிய வேலை ஒன்றுமில்லாததுபோல் தெரிந்தது. நமக்கும் அதுதான்: போருக்கு முன்பு இருந்த காணி, சுனாமிக்கு முன்பு இருந்த வீடு, கனடாவில் இருக்கும் தம்பியின் வாழ்க்கை. அன்று ஆகாய் திட்டத்தை மாற்றவில்லை. திடன்கொள்ளுங்கள், வேலையை நடத்துங்கள், கர்த்தர் உங்களோடிருக்கிறார் என்றார். ஆகவே அந்த நாளில் புதிதாக எதையும் தீர்மானிக்காமல், ஆலோசனை சொன்ன இருவரில் ஒருவரை மறுபடி சந்தித்தால் போதும்.

இங்கே போதகர்களுக்கும் குருமாருக்கும் ஒரு வேண்டுகோள். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத்தாக்குதலைத் தாங்கிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. போரிலும் சுனாமியிலும் இழந்த குடும்பங்களும் இருக்கின்றன. துக்கத்தில் நிற்கிறவர்களைத் திட்டம் போடச் சொல்லி நெருக்கக்கூடாது. ஆறு மாதம் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, கோயிலுக்கு வந்தாரென்றால் அதுவே அவருடைய கணக்கில் எழுதத்தக்கது. இன்னொன்று, ஆகாய் புத்தகத்தைக் கட்டட நிதிக்கு மாத்திரம் வாசிக்கும் பழக்கத்தை விட வேண்டும். அவர் கண்டித்தது மச்சுப்பாவப்பட்ட, அதாவது பலகை பதித்த, வீடுகளில் தேவனை மறந்து வாழ்ந்த வாழ்க்கையை. நீங்களே தேவனுடைய ஆலயம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபின், பாழாய்க் கிடப்பது எந்த ஆலயம் என்று சபையாரைக் கேட்பதே முறை. கொப்பியில் எழுதியதை யாரும் வாங்கிப் பார்க்கவும் கூடாது. ஒருவர் நம்பிச் சொன்னது அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் உதாரணமாக வந்தால், அந்தச் சபையில் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஒக்டோபர் 24இல் கேள்வி சுருக்கமானது. விதை இருக்கிறதா? காசு விதை மாத்திரமல்ல: அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டிய உடல்நலம், வீட்டாரின் சம்மதம், அந்த ஒரு மாற்றம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது. இருந்தால் விதைக்கலாம். இல்லாவிட்டால் பரப்பைக் குறைத்து விதைக்க வேண்டும். கடன்பட்டு முழு வயலையும் விதைக்கக்கூடாது.

ஜூலை முதலாம் திகதியைத் தவறவிட்டவர்கள் அடுத்த வருடம்வரை காத்திருக்க வேண்டாம். தொடங்கும் நாளிலிருந்து 23 நாள், அதிலிருந்து 28 நாள், அதிலிருந்து 64 நாள் என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் சபைகள் வரும் டிசம்பருக்கு அட்டைகளை அச்சடிக்கக் கொடுக்கும்போது, பின்பக்கத்தில் இந்த நாலு திகதிகளையும் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வெற்றுக் கோடுகள் விட்டுத் தருமாறு அச்சகத்தாரிடம் சொல்லும்படி இக்கடிதம் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை அங்கத்தவர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.